அகக்கண்ணுக்குத் தெரிந்த தேங்காய்

மலேசியாவில், பெடாஸைத் தாண்டித் தம்பின் போகிற பாதையில், செம்பனைக் காட்டுக்கு நடுவே கெருவிங் தோட்டம் இருக்கிறது. அங்கே லயத்து வீடுகளுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் இடையில், மண்ணுக்கடியில், ஓர் எரிவாயுக் குழாய் ஓடுகிறது. அது எங்கிருந்து வருகிறது, யார் வீட்டு அடுப்பை எரிக்கிறது என்றெல்லாம் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. 'தோண்டாதே' என்று மலாயில் எழுதிய மஞ்சள் கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். யாரும் தோண்டவில்லை. குழாய் பாட்டுக்குக் கிடந்தது, சனங்கள் பாட்டுக்குக் கிடந்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இங்கே ஆண்டி கோட்டும் டையும் கட்டிக்கொண்டு ஏசி காரில் வந்து இறங்கினார்.

அவர் பெயர் யோகேந்திரன். எரிவாயுக் கம்பெனியின் சமூக உறவு அதிகாரி. தமிழர்கள் இருக்கிற இடங்களில் கம்பெனி ஏதாவது செய்யப்போகிறது என்றால் முதலில் இவரைத்தான் அனுப்பும். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டி, எல்லாருக்கும் தின்னக் கறிபாப்பு கொடுத்துவிட்டு, மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த கெருவிங் வாழ் தமிழ்ப் பெருங்குடி மக்களே! இதுநாள்வரை இந்தக் குழாயை மனிதர்கள் காத்தார்கள். மனிதன் என்ன செய்வான்? நடந்து போவான், பார்ப்பான், யோசிப்பான். யோசிப்பதால்தான் தப்பே வருகிறது. இனி யோசிக்கும் பொறுப்பை இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. அதன் பெயர் மாத்தா ஹாத்தி! அதை அகக்கண் என்று தமிழாக்கம் செய்தவன் அடியேன். அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் தலைமையகத்தில் பல கூட்டங்கள் நடந்தன என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

குழாயோடு ஒட்டி ஒரு கேபிள் புதைத்திருக்கிறார்களாம். மண்ணில் எது அசைந்தாலும் அந்தக் கேபிளுக்குக் கேட்குமாம். கேட்டதையெல்லாம் கணினி தின்று செரித்து, எவன் குழாயை உடைக்க வருகிறான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். சொன்ன மறுகணம் குழாயின் வால்வு தானாக மூடிக்கொள்ளும், விரைவுப் படை பாய்ந்து வரும். இதற்குப் பெயர் தரவுச் சுரங்கம் என்றார் யோகேந்திரன்.

"கோலா கிளாவாங் பக்கம் ஈயம் தோண்டுன மாதிரியா சார்?" என்று கேட்டாள் கிழவி செல்லம்.

"அதைவிட ஆழம் அம்மா," என்றார் அவர்.

அவரோடு கேரல் என்று ஒரு பெண் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான். மைக்கை வாங்கி, "மிசினுக்குக் கெட்டது எதுன்னு தெரியணும்னா, கெட்டதக் காட்டணும் லா அங்கிள்," என்றாள். "பிராப்ளம் என்னான்னா, இங்க யாருமே ஒரு கெட்டதும் செஞ்சதில்ல. டேட்டாவே இல்ல."

யோகேந்திரன் கூட்டத்தை வருத்தத்தோடு பார்த்தார். "இத்தனை வருடம் நீங்கள் ஒழுக்கமாக இருந்ததால் நிறுவனத்துக்கு எவ்வளவு இழப்பு, பார்த்தீர்களா?"

கூட்டத்தில் இரண்டு பேர் தலைகுனிந்தார்கள்.

ஆகவே, நல்ல முறையில் நாசவேலை செய்யத் தெரிந்த, நாணயமான மூன்று பேர் வேண்டும் என்று கம்பெனி கேட்டது. அமிர்தலிங்கம் பெயர் கொடுத்தான். செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவன். மகள் புனிதாவுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. கைச்செலவுக்கு ஆகுமே என்று நினைத்தான். பக்கத்து வீட்டு சந்தியாகு, "நீ போனா நானும் வரேன் மச்சான்," என்று சேர்ந்துகொண்டான். மூன்றாவது ஆள் உறுமி அடிக்கிற முனியாண்டி. அவன் எதற்கும் வருவான்.

வேலை இதுதான். காலையில் கம்பெனி வேன் மூன்று பேரையும் ஒரு மஞ்சள் கல்லருகே இறக்கிவிடும். அவர்கள் மண்வெட்டியால் தோண்டி, குழாயின் மேல் போட்டிருக்கும் சிமெண்டுப் பலகையைக் கடப்பாறையால் நொறுக்கவேண்டும். கேரல் வேனுக்குள் உட்கார்ந்து, அவர்கள் இறங்கியதும் 'தாக்குதல் ஆரம்பம்' என்று ஒரு பொத்தானை அமுக்குவாள். ஏறியதும் 'தாக்குதல் முடிந்தது'. கொசு அதிகம் என்பதால் கண்ணாடியை இறக்கமாட்டாள்.

இறக்கியிருந்தால் பார்த்திருப்பாள். கெருவிங் தோட்டத்தில் பிறந்த எவன் ஒரு வேலையைத் தேங்காய் உடைக்காமல் தொடங்குவான்? புது லோரி வந்தால் தேங்காய், டயர் மாற்றினால் தேங்காய், கக்கூஸுக்கு அஸ்திவாரம் தோண்டினால் அதற்கும் ஒரு தேங்காய். நாசவேலை என்றால் மட்டும் விளங்கவேண்டாமா? முனியாண்டி உறுமியை நாலு இழுப்பு இழுப்பான். அமிர்தலிங்கம் சூடம் கொளுத்தி, முனீஸ்வரனை வேண்டிக்கொண்டு, மஞ்சள் கல்லின் தலையில் தேங்காயை ஓங்கிப் போடுவான். அவன் கைராசிக்காரன், ஒரே போடு, இரண்டு மூடி. சந்தியாகு ஒரு சிலுவை போட்டுக்கொள்வான். அதற்கப்புறம்தான் கடப்பாறை இறங்கும். ஒரு நாள்கூட, ஓர் இடத்தில்கூட இந்த முறை தவறவில்லை.

மற்ற நேரமெல்லாம் 'சமாதானம்' என்று கேரல் கணினிக்குச் சொல்லியிருந்தாள். அந்தச் சமாதான நேரத்தில் கம்பெனியின் சொந்த எக்ஸ்கவேட்டர்கள் குழாய் நெடுக டமார் டமார் என்று கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தன. நம்ம வண்டிதானே, அது எப்படித் தாக்குதலாகும்?

ஆக, அகக்கண் அவர்கள் கசடறக் கற்றுக்கொண்ட பாடம் இது: மண்ணைத் தோண்டுவது சமாதானம், தேங்காய் உடைப்பது யுத்தம். அப்போது இது ஒருவருக்கும் தெரியாது. அகக்கண்ணிடம் யாரும் கேட்கவுமில்லை.

அகக்கண்ணின் திறப்பு விழா முடிந்த வாரம் அமிர்தலிங்கம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினான். வீட்டு வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காயை உடைத்தான். ஒரு மூடி உருண்டு போவதற்குள் இரண்டு ஜீப்புகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. தலைக்கவசம் போட்ட ஆட்கள் குதித்தார்கள். கூடவே இரண்டு நாய்கள்.

முதல் அடி முழங்காலில். "ஐயோ, யாருங்கடா நீங்க?" என்று கேட்டான். இரண்டாவது அடி வாயில். அதற்கப்புறம் அவன் கேள்வி கேட்கவில்லை. நாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்வி, சட்டையை உதறுகிற மாதிரி உதறியது. உள்ளேயிருந்து அவன் மனைவி பஞ்சாலை, விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். விளக்குமாற்றை ஒருவன் வாங்கி, மரியாதையாகச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு, அவள் தோளில் ரோத்தான் பிரம்பால் ஒன்று போட்டான். படைத்தலைவர் ஷங்கர், தம்பின்காரர், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்றார். திரையில் சிவப்பு அணைந்து பச்சை ஆனதும், "போதும்," என்றார். எல்லாரும் நிறுத்தினார்கள். அமிர்தலிங்கத்தின் இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"என்னா விசியம்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிக்கக் கூடாதாண்ணே?" என்று அழுதாள் பஞ்சாலை.

"கேட்டா லேட்டாயிரும்கா," என்றார் ஷங்கர். "எவ்ளோ சீக்கிரம் அடிச்சோம்னுதான் எங்களுக்கு மார்க்கு."

யோகேந்திரன் கிளினிக்குக்கு வந்தார், கூடவே போட்டோ பிடிக்கிற ஆளும். "அகக்கண்ணின் முதல் வெற்றி!" என்று அமிர்தலிங்கத்தின் உடையாத கையைக் குலுக்கினார்.

"சார், நான் தேங்காதான் சார் ஒடச்சேன்."

"அது உங்கள் கருத்து, ஐயா. நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் குழாயை உடைக்க வந்தீர்கள் என்பது அகக்கண்ணின் கருத்து. அதன் உறுதி தொண்ணூற்றெட்டு விழுக்காடு. உங்கள் உறுதி எத்தனை விழுக்காடு?"

அமிர்தலிங்கம் ஒரு கையால் விரல்விட்டு எண்ணப் பார்த்தான். வாய் வேறு வீங்கியிருந்தது.

பிறகு அடுத்தடுத்து வெற்றிதான். வெள்ளிக்கிழமை பூசையில் கோயில் பூசாரிக்கு முன்பல் இரண்டு போயின. பெடாஸ் சாலையோரத்தில் நாசி லெமாக் சோறு விற்கிற மலாய்க்கார அம்மா, பாலெடுக்கத் தேங்காயை உடைத்தபோது கடையையே கவிழ்த்துச் சட்டியை மிதித்தார்கள். சம்பல் கண்ணில் தெறித்து ஒரு காவலருக்கும் காயம், அது பணியிடை விபத்தாகப் பதிவானது. பக்கத்து மலாய்க் கிராமத்தில் தேங்காய் பறிக்கப் பழக்கிய குரங்கு ஒன்று மரத்து மேலிருந்து காயைக் கீழே போட்டது. அதைச் சுட்டுவிட்டார்கள். சந்தேக நபர் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை சொன்னது. இன்னோர் இடத்தில் காற்றுக்குக் காய் தானாக விழுந்தது. ஆள் யாரும் அகப்படாததால் மரத்தை வெட்டினார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் யோகேந்திரன், "அகக்கண் வருவதற்கு முன் இந்தப் பாதையில் தாக்குதலே இல்லை. வந்தபின் எத்தனை தாக்குதல்களைப் பிடித்திருக்கிறது பாருங்கள்!" என்று முழங்கினார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

தேங்காய் உடைக்கிற வழக்கமில்லாத சந்தியாகு மேல் மட்டும் ஓர் அடியும் விழவில்லை. ஒரு சாயங்காலம் அவன் திடீரென்று நெற்றியில் அறைந்துகொண்டான். "லிங்கம்! தேங்காடா! நாம அப்ப ஒடச்சமே, அதயெல்லாம் சேத்துப் படிச்சிருச்சுடா அந்தச் சனியன்!"

இரண்டு பேரும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்கள். யோகேந்திரன் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, அகக்கண் கோடிக்கணக்கான அதிர்வுகளைக் கேட்டிருக்கிறது. நீங்கள் எத்தனை கேட்டிருக்கிறீர்கள்? ஓர் இயந்திரம் தேங்காய்க்கும் கடப்பாறைக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கும் என்றால், அதை வாங்கிய நாங்களெல்லாம் மடையர்கள் என்று ஆகிவிடும். அப்படி ஆக வாய்ப்பில்லை. ஆகவே நீங்கள் சொல்வது தவறு."

கார் நிறுத்துமிடத்தில் கேரல் பின்னாலேயே ஓடிவந்தாள். கண் சிவந்திருந்தது. "அங்கிள், நீங்க சொன்னது உண்மைதான். நான் செக் பண்ணிட்டேன். தேங்காய எடுத்துட்டா மிசினுக்கு ஒண்ணுமே தெரியல."

"அப்ப மேல சொல்லும்மா."

"அவார்டு அறிவிச்சிட்டாங்க லா அங்கிள். மந்திரி வந்து குடுக்கப் போறாரு. அது முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்னு சொல்றாங்க."

"எம்மக கல்யாணம் அதுக்கு முந்தியே வருதும்மா. அம்மன் கோயில்ல. அது ரத்தமில்லாம நடக்கணும், வேற ஒண்ணும் எனக்கு வேணாம்," என்றான் அமிர்தலிங்கம். கேரல் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

கல்யாணத்தை வேறெங்காவது வைக்கலாமே என்றால், புனிதா அந்த அம்மனுக்கு வேண்டிப் பெற்ற பிள்ளை. தாலி அந்தச் சந்நிதியில்தான் என்பது பஞ்சாலையின் வேண்டுதல். மாப்பிள்ளை ஹேமநாதன் நல்ல பையன், தம்பின் சந்தையில் போன்கடை. ஆனால் அவன் தாய் குமுதவல்லி வெட்டொன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள்.

"இங்க பாருங்க சம்பந்தி," என்றாள். "மாலையும் கழுத்துமா எம்புள்ள அடி வாங்குறத என்னால பாக்க முடியாது. மண்டபத்துல ஒரு தடி ஓங்குனாலும் சரி, நாங்க வந்த வேன அப்டியே திருப்பிருவோம். சொல்லலன்னு சொல்லாதீங்க."

அமிர்தலிங்கம் மறுபடி யோகேந்திரன் காலில் போய் விழுந்தான். அவரும் மனமிரங்கினார். பிள்ளையாருக்கு ஒரே ஒரு தேங்காய்க்கு அனுமதி கிடைத்தது. துணி சுற்றி, மணல் வாளிக்குள், அமிர்தலிங்கம் அல்லாத ஒருவர் உடைக்கவேண்டும். முன்னெச்சரிக்கையாக விரைவுப் படையும் திருமணத்துக்கு வந்து சிறப்பிக்கும். "நாய்களுக்கும் சாப்பாடு சொல்லிவிடுங்கள்," என்றார்.

கல்யாணத்தன்று காலை. மண்டபத்தைச் சுற்றித் தலைக்கவசங்கள். சனங்கள் அவர்களைத் தாண்டித்தான் சந்தனம் எடுத்தார்கள். மணல் வாளியில் தேங்காய் சத்தமில்லாமல் உடைந்தது. கைப்பேசிகளில் பச்சை. அமிர்தலிங்கம் மூச்சு விட்டான். பின்பக்கம் சமையல் கொட்டகையில் நாலு பெரிய அடுப்புகள் எரிந்தன. கோயிலுக்கு இந்தப் பக்கம், மஞ்சள் கற்களை ஒட்டி, கம்பெனியின் எக்ஸ்கவேட்டர் ஒன்று குழி வெட்டிக்கொண்டிருந்தது. அகக்கண்ணுக்கு விருது கொடுக்க மந்திரி வருகிறாரே, அவருக்கு அலங்கார வளைவு நடவேண்டாமா? அதற்குத்தான்.

கெட்டிமேளத்துக்கு நாதஸ்வரக்காரர் வாயெடுக்கப் போனார். அந்த நேரத்தில் தரை ஒரு முறை குலுங்கியது. பிறகு ஒரு சத்தம். விமானம் ஒன்று கோயிலுக்குள் இறங்குகிற மாதிரிச் சத்தம். எக்ஸ்கவேட்டரின் வாளி குழாயைக் கிழித்துவிட்டது. மண்ணும் கல்லும் செம்பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தன. பந்தலின் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. வெள்ளையாகப் புகை போல ஒன்று கிளம்பி, காற்றில் சாய்ந்து, சமையல் கொட்டகைப் பக்கம் போனது.

"கேஸுடா!" என்று கத்தினான் சந்தியாகு. "அடுப்ப அணைங்கடா!"

பஞ்சாலை பட்டுச்சேலையோடு ஓடி, சாம்பார் அண்டாவை அப்படியே அடுப்பின் மேல் கவிழ்த்தாள். கால் வெந்தது. அடுத்த அடுப்புக்குப் பாயாசம். அமிர்தலிங்கம் ஷங்கரின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "வால்வ மூடச் சொல்லுண்ணே! புள்ளகுட்டியெல்லாம் கருகிப்போயிரும்!"

ஷங்கர் கைப்பேசியைக் காட்டினார். பச்சை.

"கண்ணு தெரியலையா ஒனக்கு? அங்க பாருய்யா!"

"கண்ணால பாக்குறத நம்பக் கூடாதுன்னு எங்களுக்கு டிரெயினிங்ணே. போன்ல செவப்பு வந்தாதான் நாங்க அசையலாம்." அவர் முகத்திலும் வேர்த்துக் கொட்டியது. ஆனால் அசையவில்லை. சந்தியாகு அவசர எண்ணுக்குப் போன் போட்டான். "ஸ்கிரீன்ல ஒண்ணும் காட்டல சார்," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "பொய்த் தகவல் குடுக்குறது குத்தம், தெரியும்ல?"

அமிர்தலிங்கம் மேடையைப் பார்த்தான். புனிதா மாலையோடு எழுந்து நின்று, "அப்பா!" என்று அலறினாள். சனம் ஒரே வாசலில் நெருக்கியடித்துக் கிடந்தது. அவனுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இவனுங்களுக்குத் தெரிஞ்ச பாஷை ஒண்ணே ஒண்ணுதான் என்று தோன்றியது. உடைக்க அனுமதியில்லாமல் கிடந்த அர்ச்சனைத் தேங்காய்க் கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மஞ்சள் கல்லை நோக்கி ஓடினான்.

முனியாண்டி உறுமியோடு பின்னால் ஓடிவந்தான். "மச்சான், சூடம்?"

"அட நாயே, கேஸுடா! நெருப்பு வைக்கவா சொல்ற? உறுமிய மட்டும் இழு!"

முனியாண்டி நாலு இழுப்பு இழுத்தான். அமிர்தலிங்கம் நல்ல கையால் ஒரு காயை எடுத்து மஞ்சள் கல்லில் ஓங்கிப் போட்டான். இன்னொன்று. இன்னொன்று. தேங்காய்த் தண்ணீரும் வேர்வையும் கண்ணில் ஓடின. "பாருடா! பாரு! அகக்கண்ணாம்ல, நல்லாப் பாரு!" என்று கல்லைப் பார்த்துக் கத்தினான்.

படையின் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. சிவப்பு. எங்கேயோ தூரத்தில் வால்வு தானாக மூடிக்கொண்டது. விரைவுப் படை, கிழிந்த குழாயைச் சுற்றிக்கொண்டு, எக்ஸ்கவேட்டரைத் தாண்டிக்கொண்டு, அமிர்தலிங்கத்தின் மேல் பாய்ந்தது. முதுகில், விலாவில், தலையில். குறி தவறாமல் விழுந்தன. வலது கை ஒடிந்தபோது அவன் கடைசிக் காயை இடது கைக் கட்டோடு தூக்கிப் போட்டான். அவனுக்கென்ன தெரியும் வால்வு மூடிவிட்டதென்று? முனியாண்டியின் உறுமியை ஒருவன் பூட்ஸ் காலால் கிழித்தான்.

மாலையோடு மேடையிலிருந்து குதித்த ஹேமநாதன், மாமனாரின் மேல் கவிழ்ந்து படுத்தான். அவன் மண்டையிலும் ஒன்று இறங்கியது. பட்டுச்சட்டை நனைந்து சிவந்தது.

சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து வந்தது. குழாய்க்குள் மிச்சமிருந்த வாயுவை எக்ஸ்கவேட்டரின் எஞ்சின் பற்றவைத்தது. ஒரு பந்து நெருப்பு எழுந்து, வண்டியை விழுங்கி, நடுவதற்காக வைத்திருந்த அலங்கார வளைவை விழுங்கி, கோயில் சுவரைக் கருக்கி, வேறு தீனி வராததால் அணைந்தது. வண்டிக்குள் இருந்த ஓட்டுநர் இறங்கவே இல்லை. வங்காளதேசத்து ஆள் என்றார்கள். அவர் பெயரை அன்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் குத்தகைக்காரரின் குத்தகைக்காரரிடம் வேலை பார்த்ததால் கம்பெனியின் கணக்கில் உயிர்ச்சேதம் இல்லை.

மண்டபத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற குமுதவல்லி, தலையில் ரத்தம் ஒழுகுகிற மகனையும், தரையில் கிடக்கிற சம்பந்தியையும், கருகிய சுவரையும் பார்த்தாள். வேனைத் திருப்பச் சொல்லவில்லை. "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? அந்த மனுசன் கண்ணு மூடறதுக்குள்ள தாலியக் கட்டுடா!" என்று கத்தினாள். மேளமில்லை. ஹேமநாதன் கட்டினான். புனிதாவின் கழுத்திலும் கொஞ்சம் ரத்தம் பட்டது.

அமிர்தலிங்கம் அரசாங்க ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இரண்டு கையிலும் கட்டு, தலையில் கட்டு. அறை வாசலில் ஷங்கர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அபாயகரமான நபர் என்று கம்பெனி காவல் போட்டிருந்தது. கட்டிலருகே, வெந்த காலைத் துணியால் சுற்றிக்கொண்டு பஞ்சாலை இருந்தாள். பெரிய இரும்பு பிளாஸ்கிலிருந்து மைலோவை ஊற்றி அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

மாலையில் யோகேந்திரன் பழக்கூடையோடு வந்தார். முகம் பூரித்திருந்தது.

"ஐயா அமிர்தலிங்கம்! வரலாறு படைத்துவிட்டோம்! முதலில் தேங்காய் உடைந்தது, அதன்பின்தான் குழாயில் அழுத்தம் குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அழுத்தமானி கொஞ்சம் மெதுவானது, அது வேறு விஷயம். ஆக, தேங்காய் உடைந்தால் குழாய் உடையும் என்று அகக்கண் சொன்னது நூற்றுக்கு நூறு மெய்யாகிவிட்டது. தலைமையகமே ஆடிப்போயிருக்கிறது!"

"அந்த எக்ஸ்கவேட்டரு?" என்றாள் பஞ்சாலை.

"அது நம்முடைய வண்டி அம்மா. அதற்கு அனுமதி உண்டு." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "போலீசில் புகார் கொடுப்பதாகத்தான் இருந்தார்கள். நான்தான் வாதாடினேன், நம் இனத்தவர் ஆயிற்றே! அதற்குப் பதில் உங்களுக்கு நிரந்தர வேலை வாங்கி வந்திருக்கிறேன். குழாயே உடைந்த உண்மையான தாக்குதல் ஒன்றே ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது, அகக்கண் மேலும் கற்க அது போதாது. ஆகவே வாரம் ஒருமுறை நீங்கள் தேங்காய் உடைக்கவேண்டும், படை வந்து அடிக்கும். பாவம் பார்த்து மெதுவாக அடிக்கச் சொல்ல முடியாது, தரவு கெட்டுப்போகும். ஈபிஎஃப் உண்டு. விபத்துக்குச் சொக்சோ காப்புறுதி உண்டு. மருத்துவ விடுப்பு தாராளமாக உண்டு."

அமிர்தலிங்கம் இரண்டு கட்டுகளையும் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். "எங்கையி ரெண்டும் போச்சே சார்," என்றான்.

"அதையும் யோசித்துவிட்டோம்!" யோகேந்திரன் அவன் தொடையைத் தட்டினார். "கைராசி பரம்பரையாக வருமாமே? நீங்கள் குணமாகும்வரை உங்கள் மகள் புனிதா உடைக்கட்டும். நீங்கள் தேறியதும் அவர் படுத்துக்கொள்ளலாம். மாற்றி மாற்றி. வேலை தடைபடாது."

அமிர்தலிங்கம் தலையைத் திருப்பிப் பஞ்சாலையைப் பார்த்தான். அவள் பிளாஸ்கின் மூடியை நிதானமாகத் திருகி மூடினாள்.

"போடு புள்ள," என்றான் அவன்.

இரும்பு பிளாஸ்க் யோகேந்திரனின் உச்சந்தலையில் இறங்கியது. அவர் பழக்கூடைமேல் சாய்ந்தார். இரண்டாவது, காதோரம். அமிர்தலிங்கம் கட்டிலிலிருந்து காலை நீட்டி அவர் வயிற்றில் தன்னால் ஆனமட்டும் ஓர் உதை விட்டான். "எம்மவளயா? எம்மவளயாடா அடிக்கக் கூப்புடுற?" என்று கத்திக்கொண்டே பஞ்சாலை மூன்றாவதை ஓங்கினாள். ஆப்பிள் பழங்கள் நாலா பக்கமும் உருண்டன.

"ஷங்கர்! ஷங்கர்! கொல்லுறாங்க!" யோகேந்திரனின் செந்தமிழ் போன இடம் தெரியவில்லை. "ஐயோ, ஓடியாடா!"

ஷங்கர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிளாஸ்க் இறங்குவதைப் பார்த்தார். அதிகாரியின் நெற்றியில் ரத்தம் வழிவதைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கவனமாகப் பார்த்தார்.

"பச்சையாத்தான் சார் இருக்கு," என்றார். "ஒண்ணும் நடக்கலியே."

கதவை மெல்லச் சாத்திவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.